கைதானது எத்தனை பேர், எத்தனை தடவை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போதை ஊசி வழக்கில் கைதானவர்களின் எண்ணிக்கையைப் போன இதழில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். வியாசர்பாடியில் பத்தொன்பது வருடமாக மருந்துக்கடை வைத்திருப்பவள் நான். படித்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இதில் எங்கள் தெருப் பையன் எத்தனை தடவை வருகிறான்?

கடைக்கு வந்து "அக்கா, ஒரு ஊசி" என்பான். சர்க்கரைக்காரர்கள் வாங்கும் அதே சிவப்பு மூடி இன்சுலின் ஊசிதான். கொஞ்ச நாள் ஆளைக் காணோம் என்றால் உள்ளே போயிருக்கிறான் என்று அர்த்தம். ஜாமீனில் வருவான், சட்டை தொளதொளவென்று தொங்கும். இரண்டு மாதத்தில் மறுபடி காணோம். எனக்குத் தெரிந்து நாலு தடவை புழல் சிறை. உங்கள் கணக்கில் அவன் நாலு பேர்.

என் மகள் புள்ளியியல் படித்தவள். இதைச் சொன்னதும் பில் புத்தகத்தின் பின்பக்கம் மூன்று கட்டம் போட்டாள்: இதுவரை உள்ளே போகாதவர்கள், இப்போது உள்ளே இருப்பவர்கள், போய்த் திரும்பியவர்கள். நடுவே அம்புக்குறிகள். ஆராய்ச்சியாளர்கள் போடும் கணித மாதிரிகளும் அடிப்படையில் இப்படித்தானாம். முதல் தடவை போகிற வேகம் வேறு, திரும்பத் திரும்பப் போகிற வேகம் வேறு. இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால் கணக்கே தப்பு. சரிதான், ஒருமுறை போனவன் தெருமுனையில் சும்மா நின்றாலே ஜீப் நிற்கிறதே. அப்புறம் அவள் நாலாவதாக ஒரு கட்டம் சேர்த்தாள்: வெளியே வந்து சில மாதங்களே ஆனவர்கள்.

அது எதற்கு என்று நான் கேட்கவில்லை. மூன்று மாதம் போதை மருந்து கிடைக்காத உடம்பு பழைய அளவைத் தாங்காது. மூன்றாம் தடவை வெளியே வந்த நாலாம் நாள், பொடித்துக் கரைத்த வலி மாத்திரையைப் பழையபடியே ஏற்றிக்கொண்டு, கடைக்கு எதிரே டிரான்ஸ்பார்மர் அடியில் உதடு நீலம் பாய்ந்து கிடந்தான். ஆட்டோவில் தூக்கிப்போட்டுக் கொண்டு ஓடினோம். பிழைத்தான். மூச்சைத் திருப்பித் தர நலோக்சோன் என்று ஒரு மருந்து இருக்கிறது, பக்கத்தில் இருந்தால்தானே.

தொற்றும் அந்தச் சமயத்தில்தான் அதிகம். 2018இல் லான்செட் குழும மருத்துவ இதழில் வந்த உலகளாவிய ஆய்வுத் தொகுப்பின்படி, ஊசி போடுபவர்களில் சமீபத்தில் சிறை போய் வந்தவர்களுக்கு எச்ஐவி தொற்றும் ஆபத்து 81 விழுக்காடு கூடுதல், ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி 62 விழுக்காடு. உக்ரைனுக்கு 2016இல் போட்ட ஒரு கணித மாதிரியோ, ஊசி போடுபவர்களிடையே 15 ஆண்டுகளில் வரக்கூடிய புதிய எச்ஐவி தொற்றுகளில் 28 முதல் 55 விழுக்காடு வரை சிறைவாசத்தோடு சேர்ந்தது என்றது. 1986இல் நாட்டிலேயே முதன்முதலாக எச்ஐவியைக் கண்டுபிடித்த ஊர் நம்முடையது. நாம் இதைப் பேசாமல் வேறு யார் பேசுவது?

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். போலீஸ் ஒருநாள் வந்து விசாரித்துவிட்டுப் போன பயத்தில் ஆறு மாதம் இளவட்டங்களுக்கு ஊசியே விற்கவில்லை. அந்த ஆறு மாதமும் ஒரே ஊசி நாலு கை மாறியதாம். பின்னால் அவன்தான் சொன்னான்.

விற்கிறவனை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவன் மேல் குண்டாஸ் போடட்டும். போட்டுக்கொள்கிறவன் கதை வேறு. 1985ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது: அடிமையானவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. என் கடைக்கு வரும் பையன்களில் ஒருவனுக்கும் இது தெரியவில்லை. போதை ஊசிக்கு மாற்றாக நாக்கடியில் வைக்கும் புப்ரெனார்பின் மாத்திரையை அரசு மையங்கள் இலவசமாகத் தருகின்றன. எங்கள் பையனும் கொஞ்ச நாள் ஒழுங்காகப் போய் வாங்கினான். நாலாம் தடவை பிடித்துப் போனதோடு அது அறுந்தது. டெல்லி திகார் சிறைக்குள்ளேயே இந்தச் சிகிச்சையைக் கொடுத்திருக்கிறார்கள்.

உங்கள் நிருபரிடம் ஒன்று சொல்லுங்கள். அடுத்த தடவை போலீஸ் தரப்பில் எண்ணிக்கை கொடுக்கும்போது, முதல் தடவை பிடிபட்டவர்கள் எத்தனை, வெளியே வந்து ஆறு மாதத்துக்குள் திரும்பப் பிடிபட்டவர்கள் எத்தனை என்று கேட்டு, அதையும் அதே கொட்டை எழுத்தில் போடட்டும்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத மருந்துக்கடைக்காரி,
வியாசர்பாடி, சென்னை-39.