செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: பீன்யா (பெங்களூரு) பிளேட்டிங் பட்டறையினர் சங்கம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு ஆறு முறை கூடியது. பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு என் நேரத்தில் பெரும்பங்கை விழுங்கியது கசடு, அதாவது உலோகப் பூச்சு (பிளேட்டிங்) வேலையில் மிஞ்சும் நச்சுச் சேறு. அதைப் பற்றியே அதிகம் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி, கசடைப் பட்டறையில் 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆண்டுக்கு 10 டன் வரை கழிவு உண்டாக்கும் சிறியவர்களுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 180 நாள் வரை நீட்டித்துத் தரலாம், கேட்டால்தான் தரும். நம்மில் பலர் கேட்காமலேயே 180 நாளையும் தாண்டியிருந்தோம். காரணம் சோம்பல் மட்டுமல்ல. கழிவைப் புதைக்கும் நிலநிரப்பு மையம் இருக்கிற தாபஸ்பேட்டைப் பக்கம் போகிற லாரிக்கு மூன்று டிரம் ஏற்றினாலும் முப்பது டிரம் ஏற்றினாலும் வாடகை ஒன்றுதான். மூன்று டிரம்காரர் என்ன செய்வார்? மூலையில் அடுக்கி, மேலே தார்ப்பாயைப் போட்டு மூடுவார்.

எனவே நான்கு பட்டறைகள் சேர்ந்து, அனுமதி பெற்ற ஒரே லாரியை அமர்த்தினோம். "எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி ஒரே அனுப்புச் சீட்டில் அனுப்பலாமே" என்றார் ஒரு நண்பர். கூடவே கூடாது. சயனைடு தொட்டிக் கசடும் அமிலக் கழிவும் கலந்தால் கிளம்புகிற வாயு ஆளைக் கொன்றுவிடும். அவரவர் டிரம், அவரவர் சீட்டு. பங்கு போட்டது வாடகையை மட்டுமே.

லேபிளிலும் மாட்டிக்கொண்டோம். மஞ்சள் தாளில், சிவப்பு எழுத்தில், இந்தி, ஆங்கிலம், வட்டார மொழி மூன்றிலும் எச்சரிக்கை இருக்க வேண்டும். நாங்கள் ஆங்கிலத்தில் மட்டும் ஒட்டியிருந்தோம். பக்கத்து லேத் பட்டறைக் கன்னட நண்பர்தான் தூரிகை பிடித்து, டிரம் டிரம்மாக எழுதிக் கொடுத்தார். அவருக்குச் சங்கத்தின் நன்றி.

அடுத்தது கட்டணம். நிலநிரப்பு மையத்தில் காசு எடைக்கு. நேரடியாகப் புதைக்கக்கூடியதற்கு ஒரு விலை. சுண்ணாம்பு, சிமென்ட் கலந்து இறுக்கிப் புதைக்க வேண்டியதற்கு அதைவிடக் கூடுதல். பரிசோதனைக் கட்டணம் தனி. ஜூலையில் அனுப்பிய கசடு தோசை மாவுப் பதத்தில் இருந்தது. எடைமேடைச் சீட்டைப் பார்த்தபோதுதான் தண்ணீரைப் புதைக்கக் காசு கொடுத்திருக்கிறோம் என்று புரிந்தது. பிறகு உலர்படுகைக்குத் தகரக் கூரை போட்டு, விரல் கனத்துக்குப் பரப்பிக் காய வைத்தோம். ஜனவரியில் கையுறையோடு எடுத்தால் அப்பளம்போல் நொறுங்கியது. அதே அளவு வேலைக்கு எடை பாதிக்கும் கீழே வந்தது. கூரைச் செலவு இரண்டு லோடில் திரும்பிவிடும்.

கழிவோடு போகும் அனுப்புச் சீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மொத்தம் ஏழு தாள். வெள்ளை வாரியத்துக்கு, மஞ்சள் நமக்கு. மற்ற ஐந்தும் லாரியோடு போகும். கழிவைப் பெற்றுக்கொண்டவர் நீலத் தாளை நமக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அது கையில் வரும்வரை டிரம் போய்ச் சேர்ந்ததற்கு நம்மிடம் சாட்சி இல்லை. ஓர் உறுப்பினருக்கு நீலத் தாள் இரண்டு மாதம் வரவில்லை. விசாரித்தால், படிவத்தில் அவர் எழுதியிருந்தது காலி செய்துவிட்டுப் போன பழைய பட்டறை முகவரி.

இந்த விதிகளை மீறினால், 2024 ஏப்ரல் 1 முதல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் சிறைக்குப் பதிலாக 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் வந்திருக்கிறது. "சிறை போய்விட்டதே" என்று மகிழ்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: அபராதத்தைக் கட்டாவிட்டால் சிறை இன்னும் இருக்கிறது. நம் பட்டறைகளில் பல, முழுசாக விற்றாலும் 15 லட்சம் தேறாது.

கழிவுக்கான ஆண்டுக் கணக்குப் படிவம் 4ஐ ஜூன் 30க்குள் வாரியத்தில் சேர்க்க வேண்டும். நிரப்பத் தெரியாதவர்கள் ஞாயிறு காலை சங்க அறைக்கு மஞ்சள், நீலத் தாள்களோடு வரலாம். அடுத்த கூட்டு லாரி மழைக்கு முன்பே கிளம்பும். டிரம் எண்ணிக்கையை இந்த மாத இறுதிக்குள் என்னிடம் தரவும். ஈரக் கசடை ஏற்றிக்கொள்ள மாட்டோம்.

இப்படிக்கு,
செயலாளர்