அளவு நாடாவுடன் வந்த பெரியவருக்கு

எங்கள் லோரோங்கின் (சந்தின்) அண்டை வீட்டார் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் முட்டுச்சாலையிலுள்ள நிலத்தின் மேம்பாட்டுக்கான திட்ட அனுமதி விண்ணப்பத்தின் மீதான ஆட்சேப விசாரணை நேற்று முடிந்தது. முடிவு இன்னும் வரவில்லை. ஆயினும், கடைசி வரிசையின் பதினொரு வீட்டாரும் அந்த அறையில் பெயர் சொல்லி அழைக்கப்பட்டுப் பேசினார்கள் என்பதாலேயே இந்த நன்றியை இன்றே எழுதுகிறேன். நடந்தவற்றை நீங்கள் அறிவீர்கள்.

உள்ளூர்த் திட்டம் (ஒரு வட்டாரத்தின் நிலப் பயன்பாட்டை வகுக்கும் திட்டம்) நடைமுறைக்கு வராத இடங்களில், மலேசியாவின் 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 21(6) பிரிவு, இத்தகைய விண்ணப்பத்தைப் பக்கத்து நில உரிமையாளர்களுக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்கிறது. அறிவிப்புக் கிடைத்த 21 நாள்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஒட்டியுள்ள நிலமும், 20 மீட்டருக்கு மிகாத சாலையோ வடிகாலோ குறுக்கிடும் நிலமும் மட்டுமல்ல, ஒரே முட்டுச்சாலையைப் பயன்படுத்துவோரின் நிலம் 200 மீட்டருக்குள் இருந்தால் அதுவும் பக்கத்து நிலமே. முன்வரிசைக்கு அறிவிப்பு வந்தது, பின்வரிசைக்கு வரவில்லை. தூரம் அதிகம் என்று யாரோ சொன்னதை, வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன், நாங்களும் அளந்து பார்க்காமலே நம்பிவிட்டோம்.

அந்த மாலை நாங்கள் ஐந்தடியில் (கடைகளின் முன்னுள்ள நடைபாதையில்) நின்று வாதிட்டுக்கொண்டிருந்தபோது, பெருஞ்சாலைக்கு அப்பாலுள்ள அடுக்குமாடியில் வசிக்கும் சீனப் பெரியவர், காலையில் ரொட்டி வாங்க வரும்போது தலையசைப்பதைத் தவிர எங்களுடன் அதிகம் பேசியறியாதவர், ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய், எண்கள் பாதி அழிந்த பழைய இரும்பு நாடாவுடன் வந்தார். இளமையில் நில அளவையாளர்களுக்குச் சங்கிலி பிடித்தவராம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அந்த மேம்பாட்டு நிலத்தின் எல்லைக் கல்லிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு முப்பது மீட்டருக்கும் சாலையில் சுண்ணக்கட்டியால் கோடிட்டு, கடைசி வீட்டு வாயிற்கதவு வரை குனிந்து குனிந்து அளந்தார். 187 மீட்டர். சாலை வழியாகவே அவ்வளவுதான் என்றால், நேர்க்கோட்டில் இன்னும் குறையும். நாங்கள் ஆரவாரித்தோம், அவரோ, “ஊக்கூர் செக்காலி லாகி” (இன்னொரு முறை அளப்போம்) என்று மலாயில் சொல்லி, மறுமுனையிலிருந்து மீண்டும் அளந்த பிறகே நாடாவைச் சுருட்டினார். மறுநாள் அந்த அளவைக் கொண்டுதான் எங்கள் மனுவை எழுதினோம்.

அவருடைய அடுக்குமாடி எங்கள் முட்டுச்சாலையைப் பயன்படுத்துவதில்லை. ஆகவே சட்டப்படி அவருக்கு ஆட்சேபிக்கும் உரிமையே கிடையாது. அது தெரிந்தேதான் அவர் நனைந்தார்.

மலாய் அறிவிப்பைப் பாட்டிமாருக்குத் தமிழில் வாசித்துக் காட்டிய படிவம் ஐந்து (இடைநிலைப்பள்ளி ஐந்தாம் ஆண்டு) மாணவிகள், காசு வாங்காமல் நகலெடுத்துக் கொடுத்த கடைக்காரர், கூட்டத்துக்கு வீட்டுக்கூடத்தைத் திறந்துவிட்டுத் தேநீரும் தந்த அக்கா, வேலைக்கு விடுப்பெடுத்து நில அலுவலகத்தில் வரிசையில் நின்ற தம்பிகள் அனைவருக்கும் என் நன்றி. நில அலுவலகத்தில்தான், எங்கள் வீட்டுக் கிராண்டு (நில உரிமைப் பத்திரம்) இன்னும் காலமான தாத்தாவின் பெயரிலேயே இருப்பது தெரியவந்தது. உரிமையாளருக்குரிய அறிவிப்பை இறந்தவர் எப்படிப் பெறுவார்? இந்த ஆண்டு முடிவதற்குள் பெயர் மாற்றிவிடுவேன். இதே நிலையிலுள்ள வீட்டார் என்னுடன் வந்தால் படிவங்களைச் சேர்ந்தே நிரப்பலாம்.

நாடா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. துருவைத் துடைத்து எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். பெரியவருக்குத் தமிழ் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அதைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது, இந்த மடலை மலாயில் அவருக்குச் சொல்லிக் காட்டுவேன்.