மேல்மாடி வாசிப்பு, கணித வகுப்பு பற்றி எமது வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த பெற்றோருக்கும் வாடிக்கையாளர்களுக்கும் வணக்கம்.

எமது புத்தகக் கடையின் மேல்மாடியில், வாசிப்பிலும் கணக்கிலும் பின்தங்கி நிற்கும் 2 ஆம் தரம் முதல் 4 ஆம் தரம் வரையான பிள்ளைகளுக்கு மாலை வகுப்பொன்றை நடத்தி வருவதைத் தாங்கள் அறிவீர்கள். அண்மைக் காலமாகப் பெற்றோர் சிலர் கல்லாவின் முன்னால் நின்று, "பிள்ளை படிப்பது 4 ஆம் தரம், நீங்கள் 2 ஆம் தரப் புத்தகத்தை விரித்து வைத்திருக்கிறீர்களே" என்று கேட்டுள்ளனர். நியாயமான கேள்விதான். மிச்சக் காசு எண்ணிக் கொடுக்கும் அவசரத்தில் அதற்கு ஒழுங்காக விடை கூற முடியாமற் போனதால் இம்மடலை எழுதுகிறோம்.

சென்ற தவணையில் 4 ஆம் தரத்து மாணவர் ஒருவர் வந்தார். தமிழ்ப் பாடநூலில் எந்தப் பாடத்தை விரித்துக் கொடுத்தாலும் தங்குதடையின்றி வாசித்தார். ஆசிரியை மெல்லத் தம் உள்ளங்கையால் அடுத்த இரண்டு வரிகளை மறைத்தார். பிள்ளை நிறுத்தாமல் அவ்வரிகளையும் 'வாசித்து' முடித்தது. அதே பாடத்திலிருந்து 'கொடி' என்ற சொல்லை மட்டும் ஒரு மட்டைத் துண்டில் எழுதிக் காட்டியபோது, "கெ... ஆ... டி" என்று திணறி, எம் முகத்தைப் பார்த்தது. வகுப்பில் நாற்பது குரல்களோடு சேர்ந்து சொல்லிச் சொல்லியே பாடம் மனனமாகியிருந்தது. எழுத்து அதற்கு இன்னும் பிடிபடவில்லை. இத்தகைய பிள்ளைக்கு மேலும் ஒரு 4 ஆம் தரப் பாடத்தைக் கற்பித்தால், அதையும் மனனம் செய்துவிடும்.

'கொ' என்ற எழுத்தில் பிள்ளை தடுமாறுவதில் வியப்பேதும் இல்லை. ஒலிக்கும்போது மெய்க்குப் பின்னால் வருகின்ற உயிரொலிக்கு, எழுதும்போது மெய்க்கு முன்னால் ஒரு கொம்பும் (ெ) பின்னால் ஓர் அரவும் (ா) இடுகிறோம். கொம்பின் தலையில் ஒரு சுழி கூடினால் 'கொ' என்பது 'கோ' ஆகிவிடுகிறது. 247 எழுத்துகளையும் அட்டவணையாக ஒப்புவிக்கும் பிள்ளைகூட, சொல்லின் நடுவில் இவற்றைக் கண்டதும் நின்றுவிடுவதுண்டு. எனவே இடமிருந்து வலமாகப் பார்த்துச் செல்லாமல் ஓரெழுத்தை முழுதாகப் பார்க்கவும், பின்னர் ஈரெழுத்து, மூவெழுத்துச் சொற்களைக் கூட்டி வாசிக்கவும் பழக்குகிறோம். 'பழம்' என்பதைப் பிள்ளை 'பளம்' என்று வாசித்தால் அதை நாம் திருத்துவதில்லை என்று ஒருவர் குறைப்பட்டார். யாழ்ப்பாணத்துப் பேச்சில் எம்மிற் பலர் அப்படித்தான் சொல்கிறோம். அதை எழுத்துப் பயிற்சியில் கவனித்துக்கொள்ளலாம், வாசிப்பின் ஓட்டத்தை அதற்காக நிறுத்த வேண்டியதில்லை என்பது எமது கருத்து.

கணக்கிலும் இதே கதைதான். 52 இலிருந்து 27 ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் பிள்ளைகள் பலர். ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து, ஐந்திலிருந்து இரண்டைக் கழித்து மூன்று. எங்கே பெரிய இலக்கம் இருக்கிறதோ அங்கிருந்து சிறியதைக் கழித்துவிடுகிறார்கள். 'பக்கத்து வீட்டில் கடன் வாங்கு' என்று நூறு முறை சொல்லிக் கொடுத்தாலும், 52 என்பது ஐந்து பத்துகளும் இரண்டு ஒன்றுகளும் என்பது தெரியாத பிள்ளைக்கு அந்தக் கடன் விளங்காது. ஆகையால் ஈர்க்குத் துண்டுகளைப் பத்துப் பத்தாக இறப்பர் வளையமிட்டுக் கட்டி வைத்திருக்கிறோம். ஒரு கட்டைத் தன் கையாலேயே அவிழ்த்து, பன்னிரண்டு ஈர்க்கிலிருந்து ஏழை எடுத்து வைத்த பிள்ளை, 25 என்ற விடையைத் தானே கண்டுகொள்கிறது. மேல்மாடியில் ஈர்க்கு இறைந்து கிடப்பதைப் பார்த்து 'விளையாட்டு' என எண்ண வேண்டாம்.

எண்ணின் பெயரும் சில வேளை பிள்ளையைக் குழப்புகிறது. இருபது முதல் எண்பது வரை எல்லாம் 'பது' என முடிய, தொண்ணூறு மட்டும் தனக்குள் ஒரு நூறை வைத்திருக்கிறது. தொண்ணூற்றைந்து என்று சொல்லக் கேட்டு 905 என எழுதிய பிள்ளையைக் கவனக்குறைவு என்று ஏசுவது முறையன்று. அது காதாற் கேட்டதையே எழுதியிருக்கிறது. தொள்ளாயிரத்திலும் இதே சிக்கல் வரும். வாய்ப்பாடு பற்றியும் ஒரு சொல்: "ஓரேழு ஏழு, ஈரேழு பதினான்கு" என்று பாடுவது நல்லதே, எனினும் ஆறேழு எத்தனை என்றதும் ஓரேழிலிருந்து தொடங்கினால்தான் விடை வரும் என்றால், பாட்டு மட்டுமே வந்திருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

எமது கடையின் வருமானத்தில் கணிசமான பங்கு 5 ஆம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான மாதிரி வினாத்தாள் விற்பனையில் வருவது. இருந்தும், 3 ஆம் தரப் பிள்ளைக்கு வினாத்தாள் கட்டுக் கேட்போரிடம், பிள்ளை வினாவைத் தானே வாசிக்குமா என்று முதலில் கேட்குமாறு ஊழியர்களுக்குச் சொல்லியுள்ளோம். முன்னர் அவ்வாறு கேட்காமல் விற்றிருக்கிறோம்; தாய் வினாவை வாசிக்க, பிள்ளை விடையில் மட்டும் கோடிட்டு நிரப்பிய கட்டுகளைப் பின்னர் கண்டு வருந்தினோம். வினாவை வாசிக்க இயலாத பிள்ளை கணக்கிலும் சுற்றாடல் பாடத்திலும் தெரிந்த விடையையே தவறவிடும். வகுப்புக்கென நீங்கள் எதையும் வாங்கத் தேவையில்லை. அரசாங்கம் இலவசமாக வழங்கும் பாடநூல்களே போதும்.

வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம் பிள்ளையை வாசிக்க வைத்தால் எமக்குப் பேருதவி. தடுக்கும் சொல்லை உடனே எடுத்துக் கொடுக்காமல் சற்றுப் பொறுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையை ஒப்பிட்டுப் பேசாதீர்கள். புத்தகத்தை முகத்தோடு ஒட்டிப் பிடிப்பதோ, கூப்பிட்டால் திரும்பாததோ தெரிந்தால், எமது வகுப்பை நம்பியிராமல் முதலில் கண்ணையும் காதையும் வைத்தியரிடம் காட்டுங்கள். பல மாதம் பயின்றும் எழுத்துகள் பிடிபடாத பிள்ளைகளும் உளர்; அவர்களுக்கு எம்மிடம் உள்ளதைவிட ஆழ்ந்த பயிற்சி பெற்றவர்களின் உதவி தேவை. அதை மறைக்காமல் உங்களுக்குச் சொல்வோம்.

அடுத்த தவணை முதல் வகுப்பு செவ்வாய், வியாழக்கிழமைகளில் பி.ப. 3.30 முதல் 4.30 வரை நடைபெறும். ஓர் ஆசிரியைக்கு நான்கு பிள்ளைகளுக்கு மேல் சேர்ப்பதில்லை, கட்டணத்தில் மாற்றமில்லை. பாடசாலை வீட்டுவேலையை நாம் செய்து கொடுப்பதில்லை. கொப்பி நிரம்பி வரவில்லையே என்றும் குறைகொள்ள வேண்டாம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாள்களிலும் மாலையில் வீதிகளில் வந்துபோவது கடினமாதலால், அந்நாள்களில் மட்டும் வகுப்பைக் காலை 9 மணிக்கு வைத்துக்கொள்வோம்.

புதிதாகச் சேர்ப்போர் பிள்ளையின் சென்ற ஆண்டுக் கணிதக் கொப்பியை, பிழைகளை அழிக்காமல், அப்படியே கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளரும் மேல்மாடி ஆசிரியைகளும்,
யாழ்ப்பாணம்.