ஊசியிலை மரங்களை அளக்க உங்கள் பங்கும் வேண்டும்

நண்பர்களே,

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறோம், பணம் வேண்டும். ஊசியிலைக் காட்டில் உயிரோடு இருக்கும் மரங்களை வருடக்கணக்கில் விடாமல் அளந்து வரும் ஒரு பொதுத் திட்டத்துக்காகத்தான்.

உயிரோடு இருக்கும்போதே ஏன் என்றால், ஊசிகள் செம்பழுப்பாக மாறுவதைப் பார்த்து நாம் பதறும் நேரத்தில் பெரும்பாலும் மரப்பட்டையைத் துளைத்து உள்ளே வாழும் பட்டை வண்டு வேலையை முடித்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போயிருக்கும். நல்ல தெம்புள்ள பைன் மரத்தை அது துளைத்தால் ஓட்டையிலிருந்து பிசின் பொங்கி வந்து கட்டியாக உறையும், சில கட்டிகளைப் பிளந்து பார்த்தால் உள்ளே வண்டே சிக்கிச் செத்துக் கிடக்கும். வறட்சியில் வாடிய மரத்தால் இது முடியாது. மண்ணில் ஈரம் குறைந்ததும் மரம் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது, தண்ணீர் மிஞ்சும், சரி, ஆனால் கரியமில வாயு உள்ளே போகாமல் உணவு தயாரிப்பு குறைந்து, பிசின் சுரக்கவும் தெம்பு இல்லாமல் போகிறது. அப்புறம் அடிமரத்தில் காபித்தூள் மாதிரி மரத்தூள் கொட்டிக் கிடப்பதைத்தான் பார்ப்போம்.

வண்டுக்கோ சூடு கூடக் கூடக் கொண்டாட்டம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் முன்பெல்லாம் மைனஸ் 40 டிகிரி வரை இறங்கும் குளிர் அதன் புழுக்களைக் கொன்றுவிடும். குளிர் தணிந்ததும் 1990களில் பெருக ஆரம்பித்த வண்டு, சுமார் 1.8 கோடி ஹெக்டேர் காட்டில் கை வைத்தது. கலிபோர்னியாவில் 2012 முதல் 2016 வரை நீடித்த வறட்சியிலும் அதன் பின்விளைவிலும் 10 கோடிக்கும் மேற்பட்ட மரங்கள் போயின. மத்திய ஐரோப்பாவில் ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரக் காடுகளுக்கு 2018 வறட்சிக்குப் பிறகு நேர்ந்ததும் இதேதான்.

வெப்பம் கூடினால் எல்லா மரமும் செத்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. தண்ணீர் போதுமான அளவு கிடைக்கும் குளிர்ப் பகுதிகளில் சில மரங்கள் முன்பைவிட வேகமாகவே வளர்கின்றன. அலாஸ்காவின் மஞ்சள் சீடர் மரத்தின் கதை இன்னும் விசித்திரம், வெப்பம் கூடியதால் அது குளிரில் சாகிறது! வேர்களைப் போர்வையாக மூடியிருந்த பனி குறைந்துபோக, வசந்தத்தில் திடீரென்று வரும் உறைபனி மேலாக ஓடும் வேர்களைக் கொன்றுவிடுகிறது. இடத்துக்கு இடம், மரத்துக்கு மரம் கதை இப்படி மாறுவதால்தான் உட்கார்ந்த இடத்தில் ஊகம் செய்ய முடியாது, காட்டுக்குள் போய் அளந்துதான் ஆக வேண்டும்.

உங்கள் பணத்தில் பெரும்பகுதி தண்டைச் சுற்றிக் கட்டும் அளவுப்பட்டைகளுக்குப் போகும். மரம் பகலில் தண்ணீரை இழந்து மயிரிழை அளவு சுருங்கும், இரவில் திரும்ப உப்பும். இரவிலும் உப்பவில்லை என்றால் அது தாகத்தில் தவிக்கிறது என்று அர்த்தம், ஊசிகள் நிறம் மாறுவதற்கு முன்பே இது தெரிந்துவிடும். இதோடு மண் ஈரமானிகள், மரத்துக்குள் இருக்கும் பழைய ஆண்டு வளையங்களைப் படிக்கப் பென்சில் தடிமனில் மாதிரி எடுக்கும் கைத்துளைப்பான், வறட்சியைத் தாங்கி நின்ற மரங்களின் விதைகளைச் சேகரித்துக் குளிரில் காக்கும் செலவு. அளக்கப் போகிறவர்கள் யாரும் கூலி வாங்கப் போவதில்லை, வழிச்செலவை மட்டும் குழு ஏற்கும்.

சிறு தொகை என்று தயங்க வேண்டாம், உங்களுக்கு இயன்றதை எங்கள் பொருளாளரிடம் சேர்த்துவிடுங்கள். ரசீது உண்டு, வரவு செலவுக் கணக்கை எல்லோரும் பார்க்கும்படி வைப்போம், அளவீடுகளையும் அப்படியே. அளவுப்பட்டையைக் கட்டினால் அது தண்டில் படிந்து சரியாக உட்காரக் கொஞ்ச காலம் பிடிக்கும், அதனால் மரங்கள் புது வளர்ச்சியைத் தொடங்குவதற்கு முன்பே கட்டிவிட வேண்டும். தாமதமானால் ஒரு வருட அளவீடு போய்விடும், தயவுசெய்து இந்த மாதமே அனுப்புங்கள்.

அன்புடன்,
திட்டக் குழுவினர்