சோலார் தந்தால் மட்டும் போதாது, சொல்லியும் தாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்,

உங்கள் பத்திரிகையில் சூரிய மின்சாரம் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். 2030க்குள் இலங்கையின் மின்சாரத்தில் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க சக்தியில் இருந்து எடுப்பதுதான் இலக்கு என்று எழுதியிருந்தீர்கள். நல்ல விஷயம். ஆனால் முல்லைத்தீவு மாவட்டத்தில் மல்லாவிப் பக்கம் தோட்டம் செய்கிற எனக்கு, இதையெல்லாம் எங்கள் சனத்துக்கு யார் இருந்து விளங்கப்படுத்துவது என்ற கேள்விதான் வந்தது.

போர் முடிந்து மீள்குடியேறி வந்த காலத்தில் எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்துக்கு ஒரு சோலார் தொகுதி தந்தார்கள். இரண்டு பனல், ஒரு பெரிய பற்றரி, நாலு பல்ப். வந்தவர்கள் பூட்டினார்கள், படம் எடுத்தார்கள், போய்விட்டார்கள். ஒன்றரை வருடம் போல எரிந்தது. பிறகு வெளிச்சம் மங்கி, பொழுதுபட்டு அரை மணித்தியாலத்தில் அணையத் தொடங்கி, ஒருநாள் அடியோடு நின்றுபோனது. நான் பற்றரியின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன், உள்ளே தண்ணி வற்றி, தகடுகள் வெள்ளை பூத்துக் கிடந்தன. அந்த வகைப் பற்றரிக்கு இடைக்கிடை பற்றரித் தண்ணி விடவேண்டும் என்று ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஒரு போத்தல் தண்ணியோடு காப்பாற்றியிருக்கக்கூடிய சாமான் அது. இன்றைக்கும் ஊரில் சோலார் என்று வாயெடுத்தால், "அது எங்கட இடத்துக்குச் சரிவராது" என்றுதான் பதில் வருகிறது. வெயில் இவ்வளவு எறிக்கிற வன்னியில் அப்படிச் சொல்லக் கேட்கும்போது எனக்கு மனம் பொறுக்கவில்லை.

எங்கள் சனத்துக்குச் சிக்கனம் தெரியாது என்று யாரும் நினைக்கவேண்டாம். போர்க்காலத்தில் எங்கள் பக்கத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோது ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, பஞ்சு நனைய மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, ஒரு மெல்லிய திரியில் இரவு முழுக்கப் பிள்ளைகளைப் படிப்பித்த ஊர்கள் இவை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டோம். அப்போது அதைச் செய்யும் விதத்தை ஒரு வீட்டுக்காரர் அடுத்த வீட்டுக்காரருக்குக் காட்டிக் கொடுத்தார், அதனால்தான் பரவியது. இப்போது காட்டிக் கொடுக்க ஆள் இல்லை.

எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் கிணற்றுக்குச் சோலார் மோட்டர் போட்டிருக்கிறார். 2022 ஓகஸ்ட்டில் 87 ரூபாய் விற்ற மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாய் ஆனதே, அந்த அடியில் மோட்டருக்கு எண்ணெய் விடக் கட்டாமல் அந்த முறை மிளகாய்த் தோட்டத்தையே பாதியில் விட்ட மனிதர் அவர். பிறகு கடன்பட்டுத்தான் இதைப் போட்டார். காலையில் ஏழரைக்குப் போய் நின்றால் குழாயில் தண்ணி விரல் மொத்தத்தில் வரும், வெயில் ஏற ஏற மொத்தித்துப் பத்து மணிக்கு மணிக்கட்டளவு பாயும், முகில் மறைத்தால் அந்த இடத்திலேயே மெலியும். பற்றரி கிடையாது. தண்ணித் தாங்கிதான் அவருடைய பற்றரி, பகலில் நிரப்பிவிட்டுப் பின்னேரம் திறந்துவிடுகிறார். அவருக்கும் ஒரு மாதம் தண்ணி பாதியாகக் குறைந்துபோக, மோட்டர் பழுது என்று பயந்துவிட்டார். பார்த்தால் ஒரு பனலின் மூலையில் முருங்கைக் கொப்பின் நிழல் விழுகிறது. பனல்களைத் தொடராக இணைத்திருந்தால் ஒன்றில் விழும் நிழல் மற்றவற்றையும் இழுத்து விழுத்தும். கொப்பை வெட்டினார், கிரவல் ரோட்டுப் புழுதியை விடியப்புறம் ஈரத்துணியால் துடைத்தார், தண்ணி பழையபடி வந்தது. இதை விற்றவர்கள் சொல்லியிருக்க வேண்டாமா? இன்னொன்றும் இருக்கிறது. எண்ணெய்ச் செலவு இல்லை என்று கிணற்றை விடாமல் இறைத்தால் கோடையில் ஊற்றே போய்விடும். ஆகவே மோட்டரோடு சொட்டு நீர்ப்பாசனத்தையும் சேர்த்தே பழக்கவேண்டும்.

சோலார் வாங்க வசதியில்லாத வீடுகளுக்கு மின்கட்டணத்திலேயே நிறையச் சொல்லிக்கொடுக்க இருக்கிறது. மாதத்தில் 60 யூனிட்டைத் தாண்டினால் கூடின யூனிட்டுக்கு மட்டும் அல்லாமல் முதல் யூனிட்டில் இருந்தே விலை மாறும், நிலையான கட்டணமும் ஏறும். இது எத்தனை பேருக்குத் தெரியும்? என் அக்கா வீட்டில் ஐந்து 60 வாற்ஸ் குண்டு பல்ப் இருந்தது. ஆயிரம் வாற்ஸ் ஒரு மணித்தியாலம் எரிந்தால் ஒரு யூனிட். அந்தப் பல்புகள் ஒரு நாளைக்கு ஐந்து மணித்தியாலம் எரிந்தால் ஒன்றரை யூனிட், மாதம் 45 யூனிட். அதே வெளிச்சம் தருகிற 9 வாற்ஸ் எல்ஈடி பல்புக்கு மாற்றினோம், இப்போது வெளிச்சத்துக்கு மாதம் 7 யூனிட்டும் போவதில்லை. 70ஐத் தாண்டிக்கொண்டிருந்த அவவின் கணக்கு 40க்குக் கீழே நிற்கிறது. பில்லைப் பார்த்துவிட்டு, மீற்றர் பழுதாகிவிட்டதோ என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டா.

அப்புறம், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்கக் கரண்ட் போனதையும், அந்தச் சித்திரைப் புத்தாண்டு நாட்களில் கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்திவைக்கச் சொன்னதையும் வைத்து, சோலார்தான் கரண்டைக் கெடுக்கிறது என்று இங்கே கதை பரவியிருக்கிறது. விடுமுறை நாள் மத்தியானத்தில் நாட்டுக்குத் தேவை குறைவு, வெயில் அதிகம், அந்த நேரம் மின்நிலையங்களின் பாரமான இயந்திரங்கள் குறைவாகச் சுழல்வதால் ஒரு சின்ன அடியையும் வலையமைப்பு தாங்காது. ஆனால் மாலை ஆறரை தொடக்கம் பத்தரை வரை தேவை உச்சத்தில் இருக்கும்போது வெயில் இல்லை. பகலில் மிஞ்சுவதை இரவுக்குச் சேமிக்க வழி செய்யவேண்டும் என்பதுதான் இதில் உள்ள விஷயம். இதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கப்படுத்தலாம், யாராவது முன்வந்தால்.

காலபோகத்துக்கு, அதாவது மாரிமழையோடு தொடங்கும் நெற்செய்கைக்கு, முந்திய கமக்காரர் அமைப்புக் கூட்டத்துக்குத்தான் எல்லாரும் வருவார்கள். அதில் ஒரு மணித்தியாலத்தை ஒதுக்கி, ஓடுகிற ஒரு சோலார் மோட்டரைக் கொண்டுவந்து கழற்றிப் பூட்டிக் காட்டுங்கள் என்று உரிய அதிகாரிகளைக் கேட்கிறேன். தருகிற ஒவ்வொரு தொகுதியோடும் பராமரிப்புக் குறிப்பைத் தமிழில் தரவேண்டும், பழுதானால் கூப்பிட ஊருக்கு ஒரு பொடியனையாவது பழக்கவேண்டும். உங்களிடமும் ஒரு வேண்டுகோள்: கிழமைக்கு ஒருமுறை ஒரு சின்னப் பெட்டியில் மின்கட்டணப் பில்லை எப்படி வாசிப்பது, பிரிட்ஜில் ஒட்டியிருக்கிற மின்சிக்கன நட்சத்திரத்தை எப்படிப் பார்ப்பது என்று போடுங்கள். எங்கள் வாசிகசாலைச் சுவரில் வெட்டி ஒட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தோட்டக்கார வாசகர் ஒருவர்,
மல்லாவி.