கண்ணாடியைக் கழற்றினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திரையில் கூச்ச சுபாவமுள்ள நூலகர்கள் திடீரென்று வீராங்கனைகளாக மாறுவதை, எதிர்பார்ப்பை உடைக்கும் பாத்திரப்படைப்பு என்று பாராட்டும் கட்டுரையைத் தங்கள் இதழில் படித்தேன். பல ஆண்டுகள் நூலகத்தின் குறிப்புதவிப் பிரிவில், அதாவது வாசகர்களின் கேள்விகளுக்கு விடை தேடித் தரும் பிரிவில், வேலை பார்த்தவன் நான். அந்தப் பாராட்டில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது.

1946இல் வெளிவந்த 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படத்தில், கதாநாயகன் பிறக்காமலே போயிருந்தால் அவன் மனைவி என்னவாகியிருப்பாள் என்று காட்டுகிறார்கள். மணமாகாமல், கண்ணாடி அணிந்து, நூலகத்தைப் பூட்டிவிட்டு மிரள மிரள வெளியே வருகிறாள். பார்ப்பவர்கள் பதற வேண்டிய இடம் அது (கையில் ஓர் உத்தியோகமாவது இருக்கிறதே என்று யாரும் ஆறுதல் அடைவதில்லை). 1967இல் தொலைக்காட்சிக்கு வந்த பேட்கேர்ள் பகலில் நூலகர், இரவில் முகமூடி வீராங்கனை. எனக்கென்னவோ, நூலக வேலைதான் அவளுடைய முதல் முகமூடி என்று படுகிறது; நூலகர் என்றால் சாதுவான பெண் என்று ஊர் நம்பிக்கொண்டிருக்கும் வரையில்தான் அந்த வேடம் செல்லுபடியாகும். பழைய பிம்பத்தை அப்படியே வைத்துக்கொண்டு அதிலிருந்து ஒருத்தியை மட்டும் தப்பிக்கவிடுவதில் உடைவது என்ன?

1999இல் வந்த 'தி மம்மி' ஓரளவு மேல். ஏணியில் தடுமாறி அத்தனை புத்தக அடுக்குகளையும் சாய்த்துவிடும் நூலகரை வைத்து முதலில் சிரிக்க வைத்தாலும், பண்டைய எகிப்திய எழுத்தைப் படிக்கத் தெரிந்த அவளுடைய படிப்பால்தான் கதை நகர்கிறது. அதைவிட எனக்குப் பிடித்தது 1957இல் வந்த 'டெஸ்க் செட்'. தொலைபேசியில் வரும் கேள்விகளுக்கெல்லாம் சளைக்காமல் விடை சொல்லும் நூலகராக வரும் நடிகை கேத்தரின் ஹெப்பர்ன், வேறு யாராகவும் உருமாற வேண்டிய தேவையே அதில் இல்லை.

நிஜ நூலகத்தில், "சட்டப் புத்தகங்கள் எங்கே இருக்கின்றன?" என்று கேட்டு ஒருவர் வருவார். கையை நீட்டி அடுக்கைக் காட்டிவிட்டால் அவருக்குப் பயனில்லை. எந்தச் சட்டம், எதற்காக என்று அவர் மனம் நோகாமல் ஒவ்வொன்றாகக் கேட்டால், பத்து நிமிடம் கழித்து, வீட்டைக் காலி செய்யச் சொல்லி வந்த நோட்டீஸைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, நாலாக மடித்தபடியே மேசைமேல் வைப்பார். கூச்சம் அப்போது மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும். அந்தப் பத்து நிமிடத்தை எந்தப் படத்திலும் நான் இன்னும் பார்க்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்