பிரஷர் இறங்கினால் மாத்திரையை நிறுத்தலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் இதயச் செயலிழப்பு (இதயம் தளர்ந்து, போதிய இரத்தத்தைத் தள்ள முடியாத நிலை) பற்றிய கட்டுரையின் நடுவே, பெட்டி கட்டி, தடித்த எழுத்தில் ஒரு வரி போட்டிருந்தீர்கள்: “பிரஷர் 100-க்குக் கீழே போனால் இதய மாத்திரைகளை நிறுத்திவிடுவதே பாதுகாப்பு.” எந்த மாத்திரை, யாருக்கு, எத்தனை நாளைக்கு என்று ஒன்றும் இல்லை. கட்டுரையை வாசகர் மறந்துவிடுவார். பெட்டியைக் கத்தரித்து மருந்து டப்பாவில் போட்டு வைத்துக்கொள்வார். அதற்காகத்தானே பெட்டி கட்டுகிறீர்கள்!

தங்களுக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இதயம் தளர்ந்து இரத்தம் குறைவாக வந்தால், சிறுநீரகம் உடம்பில் தண்ணீரே இல்லை என்று எடுத்துக்கொள்கிறது. உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. இரத்தக்குழாய்களை இறுக வைக்கும் சுரப்புகளையும் கிளப்பிவிடுகிறது. ஏற்கெனவே முடியாமல் இருக்கும் இதயம் அந்த இறுக்கத்தை எதிர்த்துத் தள்ள வேண்டியிருக்கிறது. எனலாப்ரில் போன்ற மாத்திரை அந்த இறுக்கத்தைத்தான் தளர்த்துகிறது. பிரஷர் கொஞ்சம் இறங்குவது மருந்து வேலை செய்வதன் ஒரு பக்கம். 1987-இல் வெளியான கன்சென்சஸ் ஆய்வில் நோய் மிக முற்றிய 253 பேர் இருந்தார்கள். ஆறு மாதத்தில், ஒப்பிடுவதற்காகக் கொடுத்த மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்டவர்களில் 44 சதவீதம் பேர் இறந்தார்கள்; எனலாப்ரில் சாப்பிட்டவர்களில் 26 சதவீதம். இந்த மாத்திரையைத்தான் ‘நிறுத்திவிடுவதே பாதுகாப்பு’ என்கிறது தங்கள் பெட்டி.

இரத்த ஓட்டத்தின் அன்றைய கணக்கை மட்டும் பார்த்து மருந்தைத் தீர்மானித்தால் என்ன ஆகும் என்பதும் பார்த்து முடித்த விஷயம். இதயத்தை முடுக்கிவிடும் மில்ரினோன் என்ற மருந்தைக் கொடுத்தால் இதயம் வேகமாகத் துடிக்கும், தள்ளும் இரத்தத்தின் அளவு கூடும், அளவீடுகள் எல்லாம் அழகாக இருக்கும். அதையே மாத்திரையாகத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்த 1991 ஆய்வில் இறப்பு 28 சதவீதம் அதிகரித்தது. களைத்த மாட்டைச் சாட்டையால் விரட்டிய கதை. இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் இதற்கு நேர்மாறு. முதல் சில வாரங்கள் துடிப்பு குறையும், சோர்வு தட்டும், “இது ஒத்துக்கொள்ளவில்லை” என்று நோயாளி சொல்வார். ஆனால் 1999-இல் அந்த வகையைச் சேர்ந்த மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால் இரண்டுமே, தனித்தனி ஆய்வுகளில், இறப்பை 34 சதவீதம் குறைத்தன. அதனால்தான் பைசோப்ரோலாலை 1.25 மில்லிகிராமில் தொடங்கி, குறைந்தது இரண்டு வார இடைவெளி விட்டு, 10 வரை மெதுவாக ஏற்றுகிறார்கள். அதைத் திடீரென்று நிறுத்துவது இன்னும் ஆபத்து.

எக்கோ ஸ்கேனில் இதயம் தேறிவிட்டது என்று வந்தாலும் இதே கதைதான். அப்படித் தேறிய 51 பேரை வைத்து லண்டனில் டிரெட்-ஹெச்எஃப் ஆய்வு நடந்தது. மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாக மாத்திரையை நிறுத்தியவர்களில் 44 சதவீதம் பேருக்கு ஆறே மாதத்தில் நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களில் ஒருவருக்கும் திரும்பவில்லை.

பிரஷர் 95 என்று காட்டினால் முதலில் கேட்க வேண்டியது, தலை சுற்றுகிறதா என்பதுதான். ஐந்து நிமிடம் உட்கார்ந்தபின் ஒரு அளவு, எழுந்து நின்ற ஒன்றாவது, மூன்றாவது நிமிடங்களில் இரண்டு அளவு. நிற்கும்போது மேல் எண் 20 விழவில்லை, கை கால் வெதுவெதுப்பாக இருக்கிறது, சிறுநீர் ஒழுங்காகப் போகிறது என்றால் 95-ஓடு வாழலாம். துடிப்பு தாறுமாறாக இருப்பவருக்கு டிஜிட்டல் மெஷின் ஒரு தடவைக்கு ஒன்று சொல்லும். மூன்று முறை பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். தலைசுற்றல் இருந்தால், மருத்துவர் முதலில் கை வைப்பது இதயத்தைக் காக்கும் மாத்திரைகளில் அல்ல: பழைய சீட்டில் ஒட்டிக்கொண்டு வரும் அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை, புராஸ்டேட்டுக்குக் கொடுத்த மாத்திரை, வீக்கம் வடிந்தபின்னும் குறைக்காமல் விட்ட நீர் மாத்திரை ஆகியவற்றில்தான். வயிற்றுப்போக்கு, வாந்தி வந்த நாள் வேறு. அன்று மருத்துவரை உடனே கூப்பிட வேண்டும்.

இதையெல்லாம் ஒரு கட்டுரையில் அடக்க முடியாது என்பீர்கள். ஆனால் கோடைச் சிறப்பிதழில் ‘இதய நோயாளிகளுக்குக் குறைந்த சோடியம் உப்பு, தினம் ஒரு இளநீர்’ என்று போட இடம் இருந்ததே! அந்த உப்பில் சோடியத்தைக் குறைத்துவிட்டுச் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. இளநீரும் பொட்டாசியம் நிறைந்தது. இதயச் செயலிழப்புக்குக் கொடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை சாப்பிடுபவருக்குப் பொட்டாசியம் ஏற்கெனவே தேங்கும். ஆரம்பித்த ஒரு வாரத்திலும் நான்காவது வாரத்திலும் இரத்தப் பரிசோதனை செய்து, பொட்டாசியம் அளவு 5.5-ஐத் தாண்டினால் மருந்தைப் பாதியாக்கி, 6-ஐத் தாண்டினால் நிறுத்தும் மருந்து அது. நிறுத்த வேண்டிய இடத்தைச் சொல்லாமல் நிறுத்தக் கூடாத இடத்தைச் சொல்கிறீர்கள். அதற்கு நான் எழுதிய கடிதம் வெளியாகவில்லை. இடமின்மை காரணமாக இருக்கலாம். எதிர்ப்பக்கத்தில் முழுப் பக்க உப்பு விளம்பரம் இருந்ததே.

டாபாகிளிஃப்ளோசினை ‘சர்க்கரை மாத்திரை’ என்று எழுதியதும் தாங்களே. 2019-இல் அதை இதயச் செயலிழப்பில் சோதித்தபோது பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இல்லை. அந்த வார்த்தையைப் படித்துவிட்டு “எனக்கு சுகரே இல்லையே, இது எதற்கு?” என்று மருந்தகத்தில் மாத்திரைப் பட்டையைத் திருப்பித் தருகிறார்கள். பிரஷரை மிகச் சொற்பமாகக் குறைக்கும் மாத்திரை அது.

2013-இல் திருவனந்தபுரத்தில் மருத்துவமனைகளில் சேர்ந்த 1,205 இதயச் செயலிழப்பு நோயாளிகளைப் பதிவு செய்தார்கள். இதயத்தின் சுருங்கும் திறன் குறைந்தவர்களில், வீட்டுக்குப் போகும்போது உரிய மருந்துகள் முழுமையாகக் கிடைத்தவர்கள் கால்பங்கினர்தான். கிடைத்ததையும் நிறுத்தச் சொல்லப் பத்திரிகை வேறு வேண்டுமா?

நான் கேட்பது அதிகமில்லை. அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே அளவு பெட்டியில், ‘மருத்துவரைக் கேட்காமல் எந்த இதய மாத்திரையையும் நிறுத்த வேண்டாம், தலைசுற்றல் இருந்தால் அன்றே தெரிவிக்கவும்’ என்று போடுங்கள். கடைசிப் பக்கத்தில் ‘திருத்தம்’ என்று பொடி எழுத்தில் வேண்டாம்.

இப்படிக்கு,
இதயநோய்ப் பிரிவில் பணியாற்றிய மருந்தாளுநர்,
மதுரை.